வெள்ளைக்கு அடியில்

நாமக்கல் பக்கம் முட்டைப் பண்ணைகளில் வரிசை வரிசையாகக் கூண்டில் நிற்கும் லேயர் கோழியை நிறமே இல்லாத கோழி என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். மடிந்து தொங்கும் சிவப்புக் கொண்டை, மஞ்சள் கால், மற்றதெல்லாம் வெள்ளை. வெள்ளை லெகார்ன் என்ற இத்தாலிய இனத்தின் வழியில் வந்த கோழி அது. அதன் மரபணுக்களைப் படித்தாலோ வேறொரு கோழி தெரிகிறது. வெள்ளை லெகார்ன்கள் பெரும்பாலும் உள்ளுக்குள் கருப்புக் கோழிகள். அவற்றில் பலவற்றுக்கு அந்தக் கருப்பில் குறுக்கு வரிகளும் உண்டு. கருப்பைத் தூண்டும் மரபணு, வரி போடும் மரபணு, சிவப்பை வெளுக்கும் மரபணு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, வேறொரு மரபணு வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

கோழியின் நிறத்தைப் படிக்க இந்த வெள்ளைக் கோழியைவிட நல்ல இடம் கிடையாது. பல வண்ணச் சேவலிலிருந்து தொடங்கினால் வண்ணம்தான் கண்ணை இழுக்கும். ஒரு மரபணு இன்னொன்றை எப்படி மறைக்கிறது என்பது பிடிபடாது. ஆகவே மேலிருந்து கீழாக, மூடியிருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

அதற்குமுன் ஒரு அடிப்படைச் செய்தி. கோழி இறகின் நிறத்தை உண்டாக்கும் நிறமிகள் இரண்டே இரண்டு. யூமெலனின் கருப்பையும் கரும்பழுப்பையும் தருகிறது. ஃபியோமெலனின் செம்மையையும் பொன்னிறத்தையும் தருகிறது. நம் தலைமுடியில் இருப்பவையும் இவைதாம். செவலை, சாம்பல், கீரி, காகம் என்று சேவல் வளர்ப்பவர்கள் சொல்லும் அத்தனை நிறங்களும் இந்த இரண்டு நிறமிகளின் அளவும் இடமும் மாறுவதால் வருபவை. கருஞ்சேவலின் வாலில் வெயில் பட்டால் மின்னுகிறதே பச்சை, அது நிறமியே அல்ல. இறகின் நுண்ணிழைகளில் மெலனின் துகள்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் விதத்தால் ஒளி சிதறித் திரும்பும்போது தெரிவது அது. வாலிறகு ஒன்றை விரல்களுக்கிடையே மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் பச்சை எரிகிறது, அடுத்த கோணத்தில் வெறும் கருப்பு.

நிறமியை உண்டாக்கும் செல்கள் தோலில் பிறப்பதில்லை. முட்டைக்குள் கரு உருவாகும் முதல் சில நாட்களில், பின்னால் தண்டுவடமாக மாறப்போகும் குழாயின் விளிம்பிலிருந்து அவை கிளம்புகின்றன. அங்கிருந்து நகர்ந்து தோலுக்கு வந்து, இறகு முளைக்கும் ஒவ்வொரு குழியிலும் இடம்பிடிக்கின்றன. இந்தப் பயணம் தெரிந்தால், இறகு வெள்ளையாவதற்குப் பல வழிகள் உண்டு என்பதும் தெரிந்துவிடும். செல்கள் வந்து சேராமல் போகலாம். வந்தும் நிறமியைத் தயாரிக்க முடியாமல் போகலாம். தயாரிப்பு தொடங்கியும் அதைத் தாங்கும் அமைப்பு சரியாக உருவாகாமல் போகலாம். கண்ணுக்கு மூன்றும் ஒரே வெள்ளைதான். குஞ்சு பொரித்துப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு.

நேர்மாறான கதை கருங்கோழியுடையது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய கடக்நாத் கோழி 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் தோலும் கறியும் எலும்பை மூடிய சவ்வும் கருப்பு. ஈடிஎன்3 என்ற மரபணு இருக்கும் பகுதி இரட்டித்துப்போனதுதான் இதற்குக் காரணம். இந்த மரபணு நிறமிச் செல்களைப் பெருக்கும் ஒரு சமிக்ஞைப் பொருளைத் தயாரிக்கிறது. அந்தச் சமிக்ஞை அளவுக்கு மீறிப் போக, செல்கள் வழக்கமாகப் போகாத இடங்களுக்கெல்லாம் பரவிவிடுகின்றன. சீனாவின் சில்கி கோழிக்கும் இதே பிறழ்வுதான். ஆனால் சில்கியில் பால்வெள்ளை இறகு கொண்ட கோழிகளும் ஏராளம்: மேலே பஞ்சு போன்ற வெள்ளை, விலக்கிப் பார்த்தால் நீலம் பாய்ந்த கருந்தோல். தோலின் கருப்பும் இறகின் கருப்பும் தனித்தனி மரபணுக்களின் வேலை. இறகு கருப்பாக இருக்கிறது என்பதற்காக எந்தக் கோழியையும் கருங்கோழி என்று நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம்.

இனி லெகார்னுக்கு வருவோம். அதன் வெள்ளைக்குக் காரணமான மரபணுவை சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் கண்டுபிடித்தார்கள். பிமெல்17 என்பது அதன் பெயர். நிறமிச் செல்லுக்குள் மெலனின் படிவதற்கென்று சிறுசிறு பைகள் இருக்கின்றன. அந்தப் பைக்குள் மெல்லிய நார்களாலான ஒரு சட்டகத்தை இந்த மரபணு தரும் புரதம் அமைக்கிறது. யூமெலனின் அதன்மேல்தான் படிகிறது. வெள்ளை லெகார்னில் இந்த மரபணுவுக்குள் ஒன்பது எழுத்துகள் கூடுதலாக நுழைந்திருக்கின்றன. புரதத்தில் மூன்று அமினோ அமிலங்கள் கூடுகின்றன. கோழியின் மரபுத் தொகுதி ஏறத்தாழ நூறு கோடி எழுத்துகள் கொண்டது. அதில் ஒன்பது எழுத்து கூடியதற்கு இவ்வளவு விளைவு!

இந்த மாற்றம் ஓங்கு பண்பு. பெற்றோர் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குஞ்சு வெள்ளையாகிவிடும். ஆனால் ஒரு பிரதி மட்டும் உள்ள கோழியை உற்றுப் பாருங்கள்: வெள்ளை முதுகில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு கரும்புள்ளிகள் இருக்கும். மூடி முழுதாக மூடவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வெள்ளை கருப்பை அடக்கும் அளவுக்குச் சிவப்பை அடக்குவதில்லை. சிவப்பும் கருப்பும் கலந்த சேவலுக்கு இந்த மரபணு வந்து சேர்ந்தால், கருப்பு இருக்க வேண்டிய மார்பும் வாலும் வெள்ளையாகி, கழுத்தும் முதுகும் செம்மையாகவே நிற்கும். பிமெல் நார்களைப் பெரிதும் நம்பியிருப்பது யூமெலனின் என்பதை அந்தச் சேவலின் உடம்பே காட்டிக்கொடுக்கிறது.

எல்லா வெள்ளைக் கோழியும் இப்படி வெள்ளையானதில்லை. வெள்ளை வயண்டாட் என்றொரு அமெரிக்க இனம். பார்வைக்கு லெகார்னைப் போலவே தூய வெள்ளை. ஆனால் அதில் பிமெல் மரபணு பழுதில்லாமல் இருக்கிறது. பழுதுபட்டிருப்பது டைரோசினேஸ், அதாவது மெலனின் தயாரிப்பின் முதல் படியை நடத்தும் நொதி. எப்போதோ ஒரு கோழியின் டிஎன்ஏ-வுக்குள் புகுந்த ரெட்ரோவைரஸ் துண்டு ஒன்று அந்த மரபணுவின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. இது ஒடுங்கு பண்பு. இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெள்ளை.

இந்த இரண்டு வெள்ளையையும் சேர்த்தால் என்ன ஆகும்? முதல் தலைமுறை முழுக்க வெள்ளை. லெகார்னின் மூடி எல்லாக் குஞ்சுக்கும் வந்துவிட்டது. அந்த வெள்ளைகளைத் தமக்குள் சேர்த்தால் 16-க்கு 13 வெள்ளை, 3 நிறமுள்ளவை. பாட்டன் பூட்டன் வரை எல்லாம் வெள்ளையாக இருந்த வம்சத்தில் நிறமுள்ள குஞ்சு! கணக்கு எளிது. நிறம் வெளியே வர இரண்டு நிபந்தனைகள். லெகார்னின் மூடி ஒரு பிரதிகூட இருக்கக் கூடாது. அதற்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. வேலை செய்யும் டைரோசினேஸ் ஒரு பிரதியாவது இருக்க வேண்டும். அதற்கு வாய்ப்பு நான்கில் மூன்று. இரண்டையும் பெருக்கினால் பதினாறில் மூன்று.

பன்னிரண்டாம் வகுப்பில் இதற்குப் போடும் கட்டத்துக்குப் பெயர் தந்த ரெஜினால்ட் புன்னட் கோழிகளோடு வாழ்நாளைக் கழித்தவர். அவருடைய மூத்த சகா வில்லியம் பேட்சன், மெண்டல் பட்டாணியில் கண்ட விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902-இல் காட்டியது கோழியின் கொண்டையை வைத்துத்தான். மரபியல் என்றால் பழ ஈதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. கோழிக்கு அந்த வரலாற்றில் கிடைத்த இடம் போதாது.

வெள்ளையை நீக்கியாயிற்று. அடுத்து வருவது கருப்பு. இதைப் புரிந்துகொள்ள எல்லாக் கோழிக்கும் முன்னோடியான செங்காட்டுக்கோழியைப் பார்க்க வேண்டும். அதன் நிறமிச் செல்லின் மேற்பரப்பில் எம்சி1ஆர் என்ற ஏற்பி இருக்கிறது. ஒரு ஹார்மோன் வந்து அதைத் தொட்டால் செல் யூமெலனினைத் தயாரிக்கும். அகூட்டி என்ற வேறொரு புரதம் வந்து அதைத் தடுத்தால் ஃபியோமெலனினுக்கு மாறும். உடம்பில் எந்த இடம், எந்த நேரம் என்பதைப் பொறுத்து இந்த இழுபறி மாறுவதால், அதே சேவலின் மார்பு கருப்பாகவும் கழுத்து பொன்னாகவும் ஆகிறது. 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கருங்கோழிகளல்லாத சாதாரணக் கருப்பு இனங்களில் இந்த ஏற்பியின் 92-ஆவது அமினோ அமிலம் மாறியிருப்பதைக் கண்டார்கள். குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின். இந்த மாற்றத்தால் ஹார்மோன் வந்தாலும் வராவிட்டாலும் ஏற்பி எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. உடம்பெல்லாம் கருப்பு. ஆய்வகச் சுண்டெலி ஒன்றிலும் இதே இடத்தில் இதே மாற்றம் வந்து அதையும் கருப்பாக்கியிருக்கிறது. பறவைக்கும் பாலூட்டிக்கும் பொதுவான பழைய இயந்திரம் இது. மனிதரில் இதே ஏற்பி தளர்ந்துபோனால் செம்பட்டை முடி.

இந்த மரபணுவின் வகைகளைப் பொரித்த அன்றே குஞ்சின் முதுகில் படிக்கலாம். காட்டு வகை இருந்தால் தலையிலிருந்து வால்வரை கரும்பழுப்புப் பட்டை, இருபுறமும் வெளிறிய கோடு. தாய்க்கோழியோடு மேயும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் இந்தக் கோட்டை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். ஓங்கு கருப்பு இருந்தால் முதுகு கருப்பு, வயிறு வெளிறிய மஞ்சள். வளர்ந்தபின் வேறு மரபணுக்கள் குறுக்கிட்டுக் குழப்புவதற்கு முன்னால், பொரித்த முதல் சில நாட்கள்தான் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும் நேரம்.

சேவலும் பெட்டையும் ஒரே மரபணுக்களை வைத்துக்கொண்டு வேறு வேறு இறகு உடுத்துவது ஏன் என்ற கேள்வி இங்கே எழும். பெட்டையின் ஈஸ்ட்ரோஜன்தான் காரணம். கோழியில் அந்த ஹார்மோன் இல்லாவிட்டால் வருவது சேவல் இறகு. வயதாகிச் சூலகம் நின்றுபோன பெட்டை சில சமயம் சேவல்போல் இறகு போடுவது இதனால்தான். இங்கிலாந்தின் சீப்ரைட் இனச் சேவலோ பெட்டையின் இறகையே கொண்டிருக்கும். பழ ஈயால் புகழ்பெற்ற தாமஸ் ஹன்ட் மார்கன் அந்தச் சேவல்களின் விரையை அகற்றிப் பார்த்தார். அவற்றுக்குச் சேவல் இறகு முளைத்தது. 1919-இல் அதை விரிவாக எழுதினார். விரையின் ஹார்மோனைத் தோலே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது என்ற விளக்கம் பல பத்தாண்டுகள் கழித்து வந்தது.

கருப்பிலேயே பதிந்து கிடக்கின்றன வரிகள். எனக்கு இந்த அத்தியாயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பிளிமத் ராக் இனத்தின் வரி இறகு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நுனியில் கருப்பு, பிறகு வெள்ளை, பிறகு கருப்பு, இப்படியே தோலை ஒட்டிய பஞ்சுவரை. இறகு தன் அடியிலிருந்துதான் வளர்கிறது. முதலில் உருவான பகுதி நுனி; கடைசியில் உருவானது காம்பு. தறியில் நெய்யும் துணியில் எந்த வேளையில் எந்த நூல் ஓடியதோ அது அந்த இடத்தில் பட்டையாக நின்றுவிடுவதுபோல, இறகு வளர்ந்த நாட்களில் நடந்ததெல்லாம் நுனியிலிருந்து அடிவரை வரிசையாகப் பதிந்திருக்கிறது. கருப்புப் பட்டை என்றால் அந்த நாட்களில் நிறமிச் செல்கள் வேலை செய்தன. வெள்ளைப் பட்டை என்றால் அந்த நாட்களில் செல்கள் தீர்ந்துபோயின.

ஏன் தீர்ந்தன? 2010-இல் விடை கிடைத்தது. வரி மரபணு சிடிகேஎன்2ஏ. செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுப்பது அதன் வேலை. மனிதரில் இது பழுதுபட்டால் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. தடை இல்லாததால் நிறமிச் செல்கள் பெருகிக்கொண்டே போகின்றன. வரிக்கோழியில் நடப்பது இதற்கு எதிர். இங்கே தடை மிகையாகிவிட்டது. இறகின் அடியிலிருந்து கிளம்பும் நிறமிச் செல்கள் போதிய அளவு பெருகுவதற்கு முன்பே முதிர்ந்து ஓய்ந்துவிடுகின்றன. அடுத்த அணி வரும்வரை நிறமியில்லாத வெள்ளை. அது வந்ததும் மறுபடி கருப்பு. ஒரே மரபணுவில் பிறழ்வு ஒரு திசையில் போனால் புற்று. மறு திசையில் போனால் கண்காட்சியில் பரிசு வாங்கும் அழகு.

இந்த மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது என்பது வரிக்கோழியின் மற்றொரு சிறப்பு. மனிதரில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என்று இரண்டு வேறு குரோமோசோம்கள். பறவைகளில் இது மாறி, சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். அதனால் சேவலுக்கு வரி மரபணு இரண்டு பிரதி இருக்க முடியும், பெட்டைக்கு ஒன்றுதான். வரிச்சேவலில் வெள்ளைப் பட்டை அகலம். தூரத்திலிருந்து பார்த்தால் பெட்டையைவிட வெளிறித் தெரியும். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால்தான் கண்காட்சியில் மதிப்பு என்றிருந்த காலத்தில், வளர்ப்பவர்கள் சேவலுக்கு ஒரு வம்சமும் பெட்டைக்கு வேறொரு வம்சமுமாகத் தனித்தனியே பராமரித்தார்கள்.

பழ ஈயில் பால் சார்ந்த மரபுப் பண்பை மார்கன் அறிவித்தது 1910-இல். வரிக்கோழியின் மரபு பாலோடு பிணைந்தது என்று வில்லியம் ஸ்பில்மன் 1908-இலேயே விளக்கியிருந்தார். கருப்புச் சேவலை வரிப்பெட்டையோடு சேர்த்தால் தாயின் வரி மகன்களுக்குப் போகிறது, தந்தையின் கருப்பு மகள்களுக்கு வருகிறது. தாயின் ஒரே இசட் மகனுக்கு மட்டும்தான் போகும் என்பதால் இது தவறவே தவறாது. பொரித்த அன்று குஞ்சுகள் எல்லாம் கருப்புதான். உச்சந்தலையில் வெள்ளைப் புள்ளி இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை. முதல் உலகப் போரில் தீவனத் தட்டுப்பாடு வந்தபோது, முட்டைக்காக வளர்ப்பவர்கள் சேவல் குஞ்சுகளை முதல் நாளே பிரித்துவிட இப்படிப்பட்ட கலப்பைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவர் புன்னட். பின்னர் அவரும் மைக்கேல் பீஸும் கேம்பிரிட்ஜில், ஒவ்வொரு தலைமுறையிலும் ஆண் குஞ்சும் பெண் குஞ்சும் தூவியின் நிறத்தாலேயே வேறுபடும் கேம்பார் என்ற இனத்தை 1920-களின் இறுதியில் உருவாக்கினார்கள்.

சிவப்பை வெளுத்து வெள்ளியாக்கும் மரபணுவும் அதே இசட்டில்தான் இருக்கிறது. எஸ்எல்சி45ஏ2 என்பது அது. ஐரோப்பியரின் வெளிறிய தோலுக்கும் இதன் ஒரு வடிவம் காரணம். பொன்னிறச் சேவலையும் வெள்ளிப் பெட்டையையும் சேர்த்தால் மகன்கள் வெள்ளி, மகள்கள் பொன். பழுப்பு முட்டையிடும் வணிகக் கோழிகளின் குஞ்சுகளை இன்றும் பொரிப்பகங்களில் இந்த நிறத்தை வைத்தே பிரிக்கிறார்கள்.

கடைசியாக லெகார்னின் கால். இறகு சம்பந்தப்பட்டதில்லை என்றாலும் இதை விட்டுவிட மனமில்லை. அந்த மஞ்சள், தீவனத்திலுள்ள மக்காச்சோளம், கீரை போன்றவற்றின் கரோட்டினாய்டு. செங்காட்டுக்கோழியின் தோலில் பிசிடிஓ2 என்ற நொதி அதைச் சிதைத்துவிடுவதால் மஞ்சள் தங்குவதில்லை. மஞ்சள் கால் கோழியில் அந்த நொதி தோலில் மட்டும் அடங்கிக் கிடக்கிறது. உப்சாலா ஆய்வாளர்கள் 2008-இல் மஞ்சளைத் தங்கவிடும் இந்த மரபணு வடிவத்தின் மூலத்தைத் தேடியபோது அது செங்காட்டுக்கோழியில் இல்லை. சாம்பல் காட்டுக்கோழியில் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நம் காடுகளில் கூவுகிறதே, அதே காட்டுக்கோழி. எல்லா வளர்ப்புக் கோழியும் செங்காட்டுக்கோழி ஒன்றிலிருந்தே வந்தது என்ற டார்வினின் முடிவு இதனால் திருத்தப்பட்டது. இத்தாலியப் பெயரோடு உலகமெல்லாம் சுற்றும் வெள்ளைக் கோழியின் காலில் தென்னிந்தியக் காட்டுப் பறவையின் மரபணு இருக்கிறது.

நிறம் வெறும் அலங்காரமும் இல்லை. செங்காட்டுக்கோழியையும் வெள்ளை லெகார்னையும் கலந்து பெற்ற கோழிகளில், பிமெல்17 பழுதில்லாமல் நிறத்தோடு இருந்தவை மற்றக் கோழிகளின் கொத்துக்கு அதிகம் ஆளாயின. அவற்றின் இறகுகள் பிடுங்கப்பட்டன. 2004-இல் வந்த ஆய்வு இது. நெருக்கமாக வளர்க்கும் கொட்டகையில் வெள்ளைக்கு இப்படியும் ஒரு பாதுகாப்பு.

நாட்டுக்கோழியில் இனம் பிரித்து வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஒரு நல்ல வெள்ளைச் சேவல் இருந்தால், நிறத்தைப் பார்த்துவிட்டு உடனே விற்கவோ வைத்துக்கொள்ளவோ முடிவு செய்யாதீர்கள். வெள்ளைக் குஞ்சே வந்திராத வம்சத்துக் கருப்புப் பெட்டையோடு சேர்த்து, பத்துக் குஞ்சு எடுத்து, நோட்டில் குறித்துவையுங்கள். அத்தனையும் நிறத்தோடு வந்தால் சேவலின் வெள்ளை ஒடுங்கு வெள்ளை. பாதிக்குப் பாதி வந்தால் லெகார்னின் மூடி ஒரு பிரதி இருக்கிறது. பத்தும் வெள்ளையாக வந்தால் இரண்டு பிரதியும் இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு பிரதி மட்டுமே உள்ள சேவலுக்குப் பத்தும் வெள்ளையாக அமைய வாய்ப்பு 1,024-இல் ஒன்றுதான்.